மச்சான் வந்துட்டான்

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடாது. இங்கே வருகிறவர்கள் முதலில் பேசுவதே இந்த நாற்காலியைப் பற்றித்தான். "ஊர்ப்பட்ட விமானத்தையெல்லாம் சரி பண்றீங்க, இந்த ஒரு காலைச் சரி பண்ண மாட்டீங்களா?" என்பார்கள். நான் சிரிப்பேன். அப்படியே பேச்சு தொடங்கிவிடும். தொடங்குவதுதான் பாடு, தொடங்கிவிட்டால் பிறகு அது தன் பாட்டுக்குப் போகும்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை அந்த ஓரத்தில் வைக்காதீர்கள். பக்கத்தில் மின்மாற்றி இருக்கிறது, இரைச்சல் விழும். இங்கே, கோப்பைக்குப் பக்கத்தில் வையுங்கள். தேநீரில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். போன தடவை விசாரணைக்கு வந்தபோது நீங்கள் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனீர்கள். சர்க்கரை அதிகமோ என்று தோன்றியது.

போன தடவை என் வேலையைப் பாராட்டினீர்கள். "பெட்டியில ஒரு குறையும் இல்ல, நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டுப் போனீர்கள். இன்று நானாகவே உங்களை வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று வாசலிலேயே கேட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், குறுக்கே கேள்வி தேவைப்படாது.

இந்த அறை விமானக் கொட்டகையின் கடைசி மூலை. இங்கே இருப்பவை எல்லாம் சின்ன விமானங்கள், இரண்டு பேர் அல்லது நான்கு பேர் உட்காரக்கூடியவை. கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று ஒன்று கிடையாது. பறக்கிறவர்கள் பொதுவான ஓர் அலைவரிசையில் 'நான் இங்கே இருக்கிறேன், இறங்கப் போகிறேன்' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்த விமானங்களின் ரேடியோ முதல் சின்னத் திரை வரை மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றையும் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் நான். விமானிகள் என்னைப் பெட்டிக்காரர் என்பார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் மனைவி, மகளின் பிரசவத்துக்கு என்று போனாள். பிறந்த குழந்தை தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது, இவள் திரும்பவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது யாராவது வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன்."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பேன். வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும்தான். தனிமையாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரொம்பவும் தனிமையாக இருந்தது.

இப்போது பெட்டியைப் பற்றி. உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தப் பதிவைப் பிறகு கேட்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. சின்ன விமானத்தில் போகிறவருக்குப் பெரிய பயம் இன்னொரு சின்ன விமானம்தான். வானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எல்லோரும் ஒரே ஏரியின் மேலாக, ஒரே ஓடுபாதையை நோக்கித்தான் வருகிறார்கள். ஒவ்வொரு விமானமும் 'நான் இன்னார், இந்த உயரத்தில் இருக்கிறேன்' என்று விடாமல் ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறக்கும். அதை ஒட்டுக்கேட்டு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைத் திரையில் புள்ளியாகக் காட்டுவதுதான் பெட்டியின் வேலை. ரொம்பவும் நெருங்கினால் ஒரு பெண் குரல் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கும். நல்ல குரல், பதற்றமே இல்லாத குரல். வேலை இல்லாத நாட்களில் ஏதாவது ஒரு பெட்டியை மேசையில் வைத்துச் சோதிப்பேன். சோதனை தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான்.

பெட்டியை முழுக்க நம்பலாமா என்றால், கூடாது. சில பழைய விமானங்கள் வாயையே திறக்காது, அவை இருப்பது பெட்டிக்குத் தெரியாது. நம் சிறகே மறைத்துக்கொண்டால் சில நேரம் காது கேட்காது. பெட்டி கண்ணுக்குத் துணை, கண்ணுக்குப் பதில் அல்ல என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் பொருத்திக் கொடுப்பேன். அந்த விஷயத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பொருத்தும்போது பெட்டிக்கு ஒன்றைச் சொல்லித்தர வேண்டும், அது உட்கார்ந்திருக்கும் விமானம் எது என்பதை. ஒவ்வொரு விமானத்துக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஓர் அடையாளக் குறி உண்டு. அதைச் சரியாக ஏற்றினால், சொந்த விமானத்தின் குரலைப் பெட்டி காதில் போட்டுக்கொள்ளாது. ஓர் எழுத்து பிசகினால் போதும், தன் குரலையே வேற்று ஆளின் குரல் என்று நினைத்துக்கொள்ளும். அதே உயரத்தில், அதே வேகத்தில், தலைமேலேயே ஒரு விமானம் ஒட்டிக்கொண்டு வருவதாகக் காட்டும். நீங்கள் வளைந்தால் அதுவும் வளையும். இறங்கினால் இறங்கும். எட்டிப் பார்த்தால் வெளியே ஒன்றும் இருக்காது. தரையில் நிற்கும்போது விமானம் வாய் திறக்காது என்பதால், கீழே வைத்துச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இங்கே இதைப் பேய் என்போம்.

முதல் பேய் என் கைப்பிழை. சத்தியமாகக் கைப்பிழை. பல் டாக்டரின் விமானத்தில் நடந்தது. ஊரில் அவருக்குப் பெரிய மருத்துவமனை, வார இறுதியில் பறக்கிறவர், வாய் மூடாத மனிதர். அன்று அந்த வாய் உலர்ந்துபோய், முகம் வெளுத்து, இந்த வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒருத்தன் என் தலை மேலயே வர்றான். நான் திரும்பினா திரும்பறான். ஆளையே காணோம். உசுரு போயிடுச்சு."

உட்காருங்கள் என்றேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இடம்தான். தேநீர் போட்டேன். பெட்டியைத் திறந்ததுமே பிழை தெரிந்துவிட்டது. திருத்துவதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். ஆனால் டாக்டர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். பயம் தெளிந்த மனிதர்கள் நிறையப் பேசுவார்கள், கவனித்திருக்கிறீர்களா?

"நாள் பூரா நான்தான்ணே பேசறேன். எதிர்ல இருக்கிறவன் வாயத் திறந்துதான் வச்சிருக்கான், ஆனா ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது. அதுல ஒரு சுகம் இருக்குன்னு நெனச்சேன். இப்ப யாராவது பதில் பேசினா நல்லா இருக்கும்னு தோணுது."

நான் பதில் பேசினேன். ஒரு திருகைக் கழற்றுவதும் அதையே மறுபடி மாட்டுவதுமாக வேலை செய்துகொண்டே பேசினேன். வெளியே வெளிச்சம் மங்கும் வரை அவர் போகவில்லை. போகும்போது என் தோளில் கை வைத்து, "உங்க கை ராசியான கைண்ணே" என்றார். வீட்டுக்குப் போன பிறகும் தோளில் அந்தக் கை இருப்பதாகவே இருந்தது. அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டிதான் சரியாகிவிட்டதே. கொட்டகையில் எதிர்ப்பட்டால் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவார். என் தொழிலில் இது ஒரு சாபம். வேலை சுத்தமாக இருந்தால் மனிதர்கள் வர மாட்டார்கள்.

ருசி கண்ட பூனை என்பார்களே, என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் மறுக்க மாட்டேன். அடுத்த பராமரிப்புக்கு அவர் விமானம் வந்தபோது, அடையாளக் குறியின் கடைசி எழுத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்தேன். அந்த வாரமே டாக்டர் வந்தார், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஒரே சமயத்தில் எல்லாப் பெட்டிகளிலும் கை வைக்கக் கூடாது, சந்தேகம் வரும். ஒருவருக்குச் சரி செய்துவிட்டு இன்னொருவருக்கு மாற்றுவேன். சிலர் கத்தினார்கள். கத்திவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, பெண் கல்யாணம், வீட்டுக் கடன், முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் அம்மா ஒருவர் இருந்தார், கறாரானவர். அவர்கூட ஒரு நாள் இந்த மேசையில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு, தன் அப்பாவுக்கு இப்போதெல்லாம் தன்னை அடையாளம் தெரிவதில்லை என்று சொன்னார். வேறு யாரிடம் அதைச் சொல்லியிருப்பார்? அந்தப் பேய்களால் நாலு பேருக்கு மனப்பாரம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்ததாக நான் செய்தது, என் அலைவரிசை. அதோ மேசையில் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றனவே, ஒன்று விமானிகளின் பொது அலைவரிசைக்கு. மற்றது பழுது பார்த்த ரேடியோக்களைச் சோதிக்க எனக்கென்று கொடுத்தது. பேய் வருகிறது என்று புகார் சொன்ன எல்லோரிடமும் ஒரு யோசனை சொன்னேன். "அது வந்ததும் உடனே என் அலைவரிசைக்கு மாறி, எந்தப் பக்கம் நிக்குது, எப்படி வருதுன்னு சொல்லுங்க. அப்பத்தான் குறையக் கண்டுபிடிக்க முடியும்" என்றேன். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. யாராவது மேலே இருந்து என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். என் அலைவரிசையில் இருக்கும் நேரம் அவர்கள் பொது அலைவரிசையைக் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் அந்தப் பேய்க்குப் பெயரே வைத்துவிட்டார்.

"மச்சான்ணே அவன். கூப்பிடாமலே வர்றான், பின்னாடியே சுத்தறான், நாம போற இடத்துக்கெல்லாம் கூட வர்றான், இறங்குடான்னா நமக்கு முன்னாடி இறங்கறான். மச்சான் இல்லாம வேற யாரு?"

அன்று முதல் ரேடியோவில் "அண்ணே, மச்சான் வந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். மற்ற விமானிகளும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பயந்து ஓடி வருகிறவர்கள் சிரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பழகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியின் குரலை அணைத்துவிட்டார்கள். வருகையும் குறைந்தது.

புலி வருது, புலி வருது என்கிற கதை உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான். நான் டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். "சத்தத்த அணைக்காதீங்க டாக்டர், அது தப்பு" என்றேன்.

"அண்ணே, பல்வலிக்காரன் கதைதான் இது. புதுசா வலிச்சா நடு ராத்திரியில கதவத் தட்டுவான். பழகிட்டா வரவே மாட்டான். கடைசியில நான் பல்லையே பிடுங்க வேண்டியதாப் போயிடும்," என்றார். தன்னைப் பற்றித்தான் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. நான் எச்சரித்தேன் என்பது மட்டும் உண்மை. பயிற்சிப் பள்ளி அம்மாவையும் எச்சரித்தேன்.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் தன் மனைவியோடு வந்தார். அந்த அம்மா விமானத்தில் ஏறியதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடியது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

"அண்ணா, இதுல ஏறவே மாட்டேன்னு இருந்தேன். கல்யாண நாளைக்கு ஏரியைச் சுத்திக் காட்டியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். பெட்டி இருக்கு, பயமே இல்லன்னு சொல்றார். நீங்க சொன்னா ஏறறேன். இந்தப் பெட்டிய நம்பலாமா?"

"நம்பலாம்மா," என்றேன்.

"மச்சான் கூடவே வருவான், என்ன பயம்?" என்றார் டாக்டர்.

"யாரு, என் தம்பியா?"

டாக்டர் கதை முழுவதையும் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கணவரின் கையில் ஓர் அடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணி எங்கே என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியாத்தான் உக்காருவீங்களா?" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணா. சனிக்கிழமை இவர் என்னை உசுரோட இறக்கி விட்டார்னா, உங்களுக்கும் சேத்து சமைக்கிறேன்."

அவருக்காகத்தான் அதைச் செய்தேன். முதல் தடவை ஏறுகிற அம்மா, பக்கத்தில் பேய் வந்து நின்றால் நடுங்கிப் போவார். வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு டாக்டரின் விமானத்தில் ஏறி, அந்த எழுத்தைத் திருத்தினேன். பெட்டி சுத்தமாகிவிட்டது. பயிற்சி விமானத்தின் பெட்டியை அதற்கு முன்பே, பயிற்சிப் பள்ளி அம்மாவிடமும் சொல்லாமல், திருத்தியிருந்தேன். ஆக அந்தச் சனிக்கிழமை அந்த இரண்டு பெட்டிகளும் உண்மை மட்டுமே பேசக்கூடிய நிலையில் இருந்தன. நீங்கள் சோதித்துக் கண்டதும் அதைத்தான்.

திருத்தியதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு 'நன்றிண்ணே'யோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால், இறங்கியதும் இங்கே வந்து, "என்னண்ணே, இன்னைக்கு மச்சானைக் காணோம்?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்லலாம், அந்த அம்மா அதற்கு என்ன சொல்வார் என்று வெள்ளி இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். அக்காவைக் கண்டதும் ஓடிவிட்டான் டாக்டர் என்று சொல்வதாக முடிவு செய்தேன். எனக்கு வேடிக்கையாகப் பேச வராது. அது ஒன்று நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றியது.

சனிக்கிழமை மாலை. வெயில் தாழ்ந்திருந்தது. நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தன. பொது அலைவரிசையில் பயிற்சிப் பள்ளி அம்மாவின் குரல் வந்தது. மாணவர் யாரும் இல்லாமல் தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "ஏரிக்கு மேல, ஆயிரம் அடி, ஓடுபாதைக்கு வர்றேன்" என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் என் அலைவரிசைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, மச்சான் வந்துட்டான்."

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. "என் தம்பிய ஏன் இழுக்கறீங்க?" பயமே இல்லாத குரல். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏரி மேல வந்து சேந்துக்கிட்டான்ணே, நம்ம ஆயிரம் அடியிலயே. ஆனா இன்னைக்கு ஒட்டாம, கொஞ்சம் தள்ளி நின்னு வர்றான். அக்கா கூட இருக்கான்னு மரியாதை போல. இறங்கினதும் வர்றோம், தண்ணி வைங்க."

அந்த நேரத்தில் இருவர் குரலையும் கேட்ட ஒரே ஆள் நான். அவர் பெட்டியில் பேய் இல்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான். தள்ளி நின்று வருவது யார் என்று எனக்குத் தெரியும். ஒலிவாங்கி கையில் இருந்தது, விரல் பொத்தான்மேல் இருந்தது. 'டாக்டர், வெளியே பாருங்க' என்று சொன்னால் போதும்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். சொன்னால், தப்பித்து இறங்கியதும் அவர் யோசிப்பார். மச்சான் இல்லை என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார். டாக்டர் வாயாடி, ஆனால் முட்டாள் இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடையாது. அதன் பிறகு அவர் இந்த அறைக்கு வரவே மாட்டார். அவர் வராமல் போய்விடுவாரே என்று பயந்தேன்.

ஒரு நொடியில் நடந்துவிட்டது, யோசிக்க நேரமில்லை என்று சொல்லலாம். அது பொய். நேரம் தாராளமாக இருந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். கோப்பைகளைக் கழுவினேன். இரண்டுதான் இருந்தன, மூன்றாவதற்கு நான் பல் துலக்கும் டம்ளரை எடுத்து வைத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. காற்றில் எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டதாகத்தான் நினைக்கத் தோன்றியது. என் அலைவரிசையில் இரைச்சல் மட்டும் வந்தது. பொது அலைவரிசையில் அந்தப் பயிற்சிப் பள்ளி அம்மா உதவி, உதவி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சிறகோடு அவர் எப்படியோ தரை தொட்டுவிட்டார். டாக்டரும் அவர் மனைவியும் ஏரிக்குள் போனார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. அந்த வாரங்களில் இந்த அறை காலியாகவே இல்லை. போலீஸ் வந்தது, விமானிகள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், நீங்கள் வந்தீர்கள். விமானிகள் வந்து இங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவிகூட வாரத்தின் நடுவில் போன் செய்தாள். 'அப்புறம்' என்று சொல்லாமல் நெடுநேரம் பேசினாள்.

பயிற்சிப் பள்ளி அம்மா கட்டுப் போட்ட கையோடு வந்தார்.

"நான் பாத்தேன் சார். திரையில புள்ளி இருந்துச்சு. மச்சான்தான்னு நெனச்சு விட்டுட்டேன். தலையத் தூக்கிப் பாத்திருந்தா போதும்."

"பெட்டி சரியாத்தாம்மா இருந்துச்சு," என்றேன். அது உண்மை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். இனி பறக்கப் போவதில்லை என்றார். நான் ஆறுதல் சொன்னேன். வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். அவர் கோப்பையிலிருந்து தேநீர் கொட்டிய கறைதான் இது, துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

கடைசியாக வந்தவன் மச்சான். நிஜ மச்சான், டாக்டர் மனைவியின் தம்பி. ஏரியிலிருந்து எடுத்த சாமான்களை வாங்கிப் போக வந்தவன், என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். அக்காவின் சாடை அப்படியே இருந்தது. உட்கார்ந்ததும் நாற்காலி ஆடியது, அவனும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மாமா உங்களப் பத்தி நெறையச் சொல்வார். அக்காவும் அன்னைக்குப் போன்ல சொன்னா. ஒரு அண்ணன் தனியா இருக்கார், ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றார்னு." மேசையில் இருந்த ரேடியோக்களைப் பார்த்தான். "அந்தப் பெட்டி அன்னைக்கு வேலை செஞ்சுதாண்ணே?"

"செஞ்சுது தம்பி."

அவன் தலையை ஆட்டினான். அது தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றான். மறுபடி வா என்று சொன்னேன், வருகிறேன் என்றான். வரவில்லை. போன் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. இளவயசு, வேலை இருக்கும்.

அதன் பிறகு உங்கள் அறிக்கை வந்தது. கருவி நம்பகமாக வேலை செய்தது, விமானிகள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இனிமேல் பெட்டிகளைச் செய்கிற கம்பெனியே ஆள் அனுப்பிப் பூட்டி முத்திரை வைக்கும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். என் அலைவரிசையில் இப்போது யாரும் வருவதில்லை. பயிற்சிப் பள்ளிக்குப் புது ஆள் வந்திருக்கிறார், அவருக்கு என்னைத் தெரியாது. மனைவி மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறாள். முன்பைவிட இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது, அவ்வளவு பேர் வந்துபோன பிறகு.

அதனால் உங்களைக் கூப்பிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரையும் அவர் மனைவியையும் கொன்றது நான்தான். பெட்டிகளை மாற்றியதும் நான்தான், பொது அலைவரிசையிலிருந்து அவர்களைப் பிரித்ததும் நான்தான், கையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டதும் நான்தான். இந்த நாற்காலியின் காலை அரத்தால் கொஞ்சம் ராவி வைத்தவனும் நான்தான், பேச்சு தொடங்க ஏதாவது வேண்டுமே என்று. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்துவிட்டீர்களா? தேநீரை இன்றும் பாதியில் வைத்துவிட்டீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுவது மரியாதை. இவ்வளவு நேரம் சொன்னதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஓர் எழுத்து பிசகுகிற அளவுதான். அலுவலகத்தில் உட்கார்ந்து பெட்டியின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எங்கோ உதைக்கும். அதைத் திருத்தாமல் இந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. அப்போது நீங்கள் வந்துதான் ஆக வேண்டும், என்னை எங்கே வைத்திருந்தாலும். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள். போகும் வழியில் என்னை நினைத்துப் பரிதாபப்படவும் வேண்டாம். என்னைத் தேடி ஆட்கள் வருவதில் எப்போதும் குறைவே இருந்ததில்லை.